வாக்குச்சாவடியின் மறைப்புக்குள்

ஒரு பெண் புனைகதை எழுத வேண்டுமானால் அவளுக்குச் சொந்தப் பணமும் சொந்த அறையும் வேண்டும் என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதினார். ஆண்டுக்கு 500 பவுண்டு, கதவுக்குப் பூட்டு என்று கணக்கையும் சொல்லிவிட்டார். விடுதலையைப் பெருஞ்சொற்களில் பாடாமல் வரவு செலவாக முன்வைத்த அந்தத் துணிவை இன்றும் வியக்கிறேன். ஆனால், பூட்டிய அறைக்குள்ளும் இன்னொருவரின் குரல் வந்து நின்றால் அவள் என்ன செய்வாள்?

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து அழகியபாண்டியபுரத்தில் பிறந்த கிருஷ்ணன் நம்பியின் 'மருமகள் வாக்கு' சிறுகதை எனக்கு இந்தக் கேள்வியாகவே தோன்றுகிறது. கதையின் மருமகள் ருக்மிணிக்குத் தேர்தலில் கிளிச் சின்னம் பிடித்திருக்கிறது. மாமியாரோ பூனைக்குப் போடச் சொல்லியிருக்கிறாள். வாக்குச்சாவடியின் மறைப்புக்குள், அவள் வாழ்வில் அரிதாக யாரும் பார்க்காத அந்த இடத்தில், அரசே உறுதிசெய்து கொடுத்த தனிமையில், முத்திரை பூனையின் மேல்தான் விழுகிறது. யாருக்குப் போட்டாய் என்று கேட்டவர்களுக்கு அவள் தரும் விடை, "எங்க மாமியாருக்கு" என்பது. எழுத உட்காரும்போதெல்லாம் தன்னருகே வந்து நின்ற 'வீட்டுத் தேவதை'யை, அதாவது தனக்கென விருப்பமே இல்லாமல் பிறருக்காகவே வாழும் பெண் என்ற கற்பனை உருவத்தை, மைக்கூட்டை வீசியெறிந்து கொன்றதாக வுல்ஃப் 1931இல் ஓர் உரையில் சொன்னார். ருக்மிணியின் கையில் அப்படி வீச எதுவும் இல்லை. சட்டம் தந்த உரிமைக்கும் மனம் அதை எடுத்துக்கொள்வதற்கும் இடையிலுள்ள தொலைவை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய கதை தமிழில் வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆங்கிலப் பேராசிரியரான ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் வெளியிட்ட 'புத்தம் வீடு' நாவல் இதற்கு நேர் எதிரான நிலையிலிருந்து தொடங்குகிறது. பனைகளும் அக்கானி என்னும் பதநீரும் சூழ்ந்த எங்கள் மண்ணில், நொடித்துப்போன ஒரு பெரிய வீட்டின் பெண் லிஸி. பருவமெய்தியதும் படிப்பு நின்று வீட்டுக்குள் அடைபடும் அவளுக்குப் பணமும் இல்லை, தனியறையும் இல்லை. ஆனாலும், பனையேறி மகன் தங்கராஜின்மேல் கொண்ட அன்பை அவள் உள்ளுக்குள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரே சாதிக்குள்ளேயே நிலம் வைத்திருப்பவருக்கும் பனையேறுபவருக்கும் இடையே நின்ற சுவரை அறிந்தவர்களுக்கு, அந்த உறுதியின் எடை தெரியும்.

கதை திருமணத்தில் முடிவதால் இதைப் பெண் விடுதலை நாவலாகக் கொள்ள இயலாது என்று சொல்பவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. வீட்டை உடைத்துக்கொண்டு வெளியேறுவது மட்டுமே விடுதலை என்றால், வெளியேற வழியில்லாத எங்கள் பாட்டிகளின் தலைமுறை முழுவதையும் விருப்பம் என்பதே அற்றவர்கள் என்று ஒதுக்க நேரும். லிஸிக்கு விருப்பம் இருந்தது. அதை வெளியில் சொல்ல இடம் இல்லாத காலத்திலும் அவள் அதை மாற்றிக்கொள்ளவில்லை. மறைப்புக்குள் நின்ற ருக்மிணியால் இயலாமற்போனது அதுதான்.