சட்டமில்லாத மீன் தொட்டி: தண்ணீர் விட்டது வரைக்கும்

தொட்டியில் தண்ணீர் விட்டாயிற்று, மூட்டுகள் எல்லாம் காய்ந்தே இருக்கின்றன. அலுமினியச் சட்டமும் இல்லை, மூலைக்கு இரும்பும் இல்லை, கண்ணாடியைக் கண்ணாடியோடு பிடித்து வைத்திருப்பது சிலிக்கன் மட்டும்தான். வெள்ளவத்தையில் என்னைப் போல மாடி வீட்டில் இருந்துகொண்டு இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் போட்ட கணக்கு 90 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 40 உயரத்துக்குத் தண்ணீர், 8 மில்லிமீற்றர் கண்ணாடி. அந்த உயரத்தில் முன்கண்ணாடியை மட்டும் தண்ணீர் தள்ளும் விசை ஏறக்குறைய 72 கிலோ எடைக்குச் சமம். அதை மூட்டின் பரப்பால் பிரித்தால் சராசரி 52 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வருகிறது. இது அதிகமா குறைவா என்று பார்க்கத்தான் கட்டடக்காரர்களின் கணக்கைத் தேடிப் போனேன். நான்கு பக்கமும் சிலிக்கனே தாங்கும் கண்ணாடி முகப்பை 1971இல் அமெரிக்காவின் டிட்ரொயிட்டில் செய்துவிட்டார்கள், அதனால் அவர்களிடம் நல்ல அனுபவம் இருக்கிறது. காற்றழுத்தத்துக்கு 140 கிலோபாஸ்கல் வரை விடுகிறார்கள். ஆனால் கண்ணாடியின் சொந்த எடை மாதிரி நிரந்தரமாகத் தொங்கும் பாரத்துக்கு வெறும் 7! காற்று வந்து அடித்துவிட்டுப் போய்விடும், சிலிக்கனும் பழைய நிலைக்குத் திரும்பும். ஓயாத பாரம் என்றால் அது மெல்ல மெல்ல இழுபட்டுக்கொண்டே போகும். தொட்டித் தண்ணீர் இரவு பகலாகத் தள்ளுகிறதே, அப்போது நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்?

சிலிக்கன் அறுபடும் அளவு 52ஐ விடப் பல மடங்கு மேலே இருக்கிறது, அதனால்தான் வீட்டுத் தொட்டிகள் வருடக்கணக்கில் நிற்கின்றன. இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தண்ணீர் உயரத்தை 30 ஆக்கினேன், விசை 40 கிலோ அளவுக்கு இறங்கிவிட்டது, ஏனென்றால் அது உயரத்தின் வர்க்கப்படி ஏறி இறங்கும். கண்ணாடியையும் 10 மில்லிமீற்றர் ஆக்கியதில் மூட்டுக்கு வரும் பாரம் பாதியாகிவிட்டது. இன்னும் 7க்கு மேலேதான். அதனால் மேல் விளிம்பில் குறுக்குப் பட்டிகளும் வைத்தேன். நடுவில் கண்ணாடி வெளியே வளைந்தால் மூலை மூட்டு ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும், நேராக இழுப்பதைத் தாங்குகிற எந்தப் பசையும் உரிப்பதற்கு அவ்வளவாகத் தாங்காது.

சிலிக்கன் வாங்கியது பழைய சோனகத் தெருவில். "பாத்ரூமுக்கா தம்பி?" என்று நானா கேட்டார். மீன் தொட்டிக்கு என்றதும் கையில் எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டு வேறு குழாயைத் தந்தார். பூஞ்சை பிடிக்காத குளியலறைச் சிலிக்கனில் இருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது. காயும்போது வினாகிரி வாசம் வருகிற வகை கண்ணாடிக்கு நன்றாகப் பிடிக்கும், ஆனால் பித்தளை, செம்பு, மாபிள், சீமெந்துக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அந்த அமிலம் அவற்றை அரிக்கும்.

ஒட்டுவதற்கு முன் கண்ணாடித் துண்டுகளில் ஒரு சோதனை செய்தேன், இதைத் தயவுசெய்து யாரும் தவிர்க்க வேண்டாம். ஒரு துண்டை வெறும் துணியால் துடைத்தேன். மற்றதில் ஐசோப்ரொபைல் அல்ககோல் நனைத்த துணியால் துடைத்து, அது காய முன்பே வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தேன். இரண்டிலும் ஒவ்வொரு கோடு சிலிக்கன் போட்டு, நன்றாகக் காய்ந்த பின் நுனியை பிளேட்டால் கிளப்பி, பின்பக்கமாக மடக்கி இழுத்தேன். முதலாவது சரக்கென்று முழு நாடாவாகக் கழன்று வந்தது, கீழே கண்ணாடி பளபளவென்று இருந்தது. மற்றதில் ரப்பர் தன் நடுவிலேயே கிழிந்தது, கண்ணாடியில் மெல்லிய தோல் ஒட்டியே இருந்தது, நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. நமக்கு வேண்டியது இந்தக் கிழிசல்தான்.

அப்புறம் ஒட்டும் வேலை. கண்ணாடியை அழுத்தி சிலிக்கன் முழுவதையும் பிதுக்கி வெளியேற்றிவிடக் கூடாது, இடையில் ஒரு மில்லிமீற்றராவது தடிப்பு இருந்தால்தான் அது நெகிழ்ந்து கொடுக்கும். அதற்காக மூட்டின் நடுவில் சின்னச் சின்னத் தங்கூசித் துண்டுகள் வைத்தேன். கொழும்பு ஈரப்பதனில் மேல்தோல் சீக்கிரமே பிடித்துவிடுகிறது, எனவே ஒரு மூட்டைப் போட்டு உடனே விரலால் வழித்து, ஓரத்தில் ஒட்டிய டேப்பை உரித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். காய்வது வெளியிலிருந்து உள்ளே, ஒரு நாளைக்கு 2-3 மில்லிமீற்றர்தான். நான் ஒரு கிழமைக்கு மேல் தொடவே இல்லை.

இப்போது 108 லீற்றரோடு பல்கனியில் நிற்கிறது. கீழே காகிதம் விரித்திருக்கிறேன், முன்கண்ணாடியின் நடுவில் உள்ள வளைவை நேர்கோலால் பார்த்துக் குறித்து வருகிறேன். அந்த எண் மாறாமல் நின்றால் தண்ணீரை இறைத்து, கழுவி, மணல் போடலாம்.