புதன்கிழமை போகாதீர்கள்: சாந்திநிகேதனின் சீன வீடு

சாந்திநிகேதனுக்கு இறங்க வேண்டிய போல்பூர் ஸ்டேஷன் வாசலில் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷாக்காரரிடம் "சீனா பவன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மூன்றாவது முறை சொன்னதும் முகம் மலர்ந்தது. "ஓ, ச்சீனா பொபோன்! ஆஜ் பொந்தோ!" இன்றைக்கு மூடியிருக்கும் என்கிறார். அன்று புதன்கிழமை. ஊருக்கெல்லாம் ஞாயிறு லீவு என்றால், சீனா பவன் என்கிற சீன ஆய்வுத் துறை இருக்கும் தாகூரின் விஸ்வபாரதிப் பல்கலைக்கழகத்துக்குப் புதன். அன்றைக்குத்தான் அங்கே கண்ணாடிக் கோயிலில் பிரார்த்தனை. ஹவுராவிலிருந்து இரண்டரை மணி நேரம், வங்காள நாடோடிப் பாடகர்களின் பாவுல் பாட்டும் ஜால்முரி என்கிற காரப் பொரியுமாக ரயிலில் வந்தவன், இதை மட்டும் விசாரிக்காமல் வந்திருக்கிறேன்.

சரி, வந்தது வந்தாயிற்று என்று ஒரு ராத்திரி தங்கினேன். சாயங்காலம் சாத்திம் மரங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நம்முடைய ஏழிலைப்பாலைதான். பட்டமளிப்பு விழாவில் இதன் இலையைத்தான் மாணவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை, அறிமுகமான ஓர் ஆய்வு மாணவர் வாசலில் காத்திருந்து உள்ளே அழைத்துப் போனார். அவர் இல்லையென்றால் காவலாளியைத் தாண்டியிருக்க முடியாது. சீனா பவன் என்றதும் வளைந்த கூரையும் டிராகனுமாக ஒரு கட்டடத்தை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மரங்களுக்கு நடுவே அமைதியான மாடி வீடு, அவ்வளவுதான்.

இதைக் கட்டியெழுப்பிய கதை மட்டும் சாதாரணமில்லை. தாகூர் 1924-ல் சீனாவுக்குப் போய்வந்தார். மூன்று வருடம் கழித்து மலாயாப் பக்கம் பயணம் போனபோது, தான் யுன்-ஷான் என்ற, சீனாவின் ஹூனான் மாகாணத்து இளைஞரைச் சந்தித்து, சாந்திநிகேதனுக்கு வா என்றார். அவரும் 1928-ல் வந்து சேர்ந்தார். சீன மொழி சொல்லிக் கொடுப்பதும் சமஸ்கிருதம் கற்பதுமாக இருந்தவர், பிறகு ஊருக்குப் போய்ப் பணமும் புத்தகங்களும் திரட்டிக்கொண்டு வந்தார். 1937 ஏப்ரல் 14, வங்காளப் புத்தாண்டு அன்று திறப்பு விழா. தலைமை தாங்க வேண்டிய நேருவுக்கு உடம்பு சரியில்லை. அவருக்குப் பதிலாக மகள் இந்திரா வந்தார். 1942-ல் தேசியவாதத் தலைவர் சியாங் காய்-ஷேக் சாந்திநிகேதனுக்கு வந்திருக்கிறார், 1957-ல் கம்யூனிஸ்ட் பிரதமர் சூ என்லாய் வந்திருக்கிறார். சீனாவில் ஒருவரையொருவர் ஒழிக்கப் போராடிய இரண்டு தரப்பும் மிதித்த மண் இது. 1962 போருக்குப் பிறகும் தான் யுன்-ஷான் இந்தியாவை விட்டுப் போகவில்லை. 1983-ல் போத்கயாவில் காலமானார்.

சுவர்களையும் பார்த்தேன். கீழே ஓவியர் நந்தலால் போஸ் தாகூரின் நாடகத்தை வைத்து வரைந்த 'நடீர் பூஜா' சுவரோவியம். மாடிப்படிப் பக்கம் பினோத் பிஹாரி முகர்ஜி 1942-ல் வரைந்த வளாக வாழ்க்கை. ஒரு கண்ணில் பார்வையே இல்லாமல், இன்னொரு கண்ணிலும் கிட்டப்பார்வையோடு பிறந்தவர் அவர். படியில் நின்றபடி கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

அன்றைக்கு ஆய்வு மாணவர்களுக்காக யுவான் சுவாங் பற்றி ஒரு சிறிய உரை இருந்தது. இருபது பேர் இருந்திருப்போம். ஒரு மின்விசிறி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. வரைபடத்தில் அவர் போன வழியைக் காட்டிக்கொண்டே வந்த பேராசிரியர், தெற்கே காஞ்சியில் விரலை வைத்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யுவான் சுவாங் அங்கிருந்து இலங்கைக்குப் போகத்தான் நினைத்திருக்கிறார். ஆனால் அங்கே பஞ்சம், அரசியல் குழப்பம் என்று தப்பி வந்த துறவிகள் சொல்ல, காஞ்சியோடு திரும்பிவிட்டார்.

நான் உண்மையில் பார்க்க ஆசைப்பட்டது நூலகத்தை. கதவைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாசனை. பழைய சீனப் புத்தகங்களை நிற்க வைப்பதில்லை, படுக்க வைக்கிறார்கள். நாலைந்து மெல்லிய ஏடுகளைச் சேர்த்து நீலத் துணி ஒட்டிய அட்டை உறைக்குள் மடித்து, ஓரத்தில் சின்னக் குச்சி ஒன்றைத் துணி வளையத்தில் செருகி மூடியிருக்கிறார்கள். ஜிப்பா பட்டன் போடுகிற மாதிரி. உள்ளே தாள் வெங்காயச் சருகு போல இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து இரண்டாக மடித்துத் தைத்திருப்பதால், ஒவ்வொரு தாளுக்குள்ளும் ஒரு வெற்றுப் பை. அந்தப் பைக்குள் பூச்சி புகுந்து சாவகாசமாகச் சாப்பிட்டிருந்தது.

அப்புறம் மாணவர் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். 'கரதலரத்ன', விஸ்வபாரதி வெளியீடு, 1949. ஆசிரியர் பெயர் என். ஐயாஸ்வாமி சாஸ்திரி. பெயரைப் பார்த்ததுமே நம்ம பக்கத்து ஆள் என்று மனசு சொன்னது.

மூலம் பவ்யர் என்கிற பாவவிவேகர் சமஸ்கிருதத்தில் எழுதிய பௌத்தத் தர்க்க நூல். அந்த சமஸ்கிருதப் பிரதி தொலைந்துபோய்விட்டது. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் செய்த சீன மொழிபெயர்ப்பு மட்டும் மிஞ்சியது. அந்தச் சீனத்திலிருந்து மறுபடியும் சமஸ்கிருதத்துக்கு மாற்றியிருக்கிறார் சாஸ்திரி. இட்லியிலிருந்து மாவைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். மாணவர் சிரித்துவிட்டு விளக்கினார். யுவான் சுவாங் ஒரு கலைச்சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே சீனச் சொல்லைத்தான் போடுவார். 'கொங்' என்று வந்தால் சூன்யம், 'ஃபா' என்று வந்தால் தர்மம். அதை வைத்து மூலச் சொல்லைப் பிடித்துவிடலாம். கஷ்டம் வேற்றுமை உருபுகளில்தான். சீனத்தில் அவை கிடையாது; எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்பதை இடத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். செய்யுள் என்றால் சந்தமும் உட்கார வேண்டும். சாஸ்திரி இதோடு விடவில்லை. ஹரிவர்மரின் 'சத்யசித்தி சாஸ்திரம்' என்ற பௌத்த நூலையும் இப்படியே மீட்டிருக்கிறார். அதைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர் குமாரஜீவர் என்ற பௌத்தத் துறவி.

தலைப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். உள்ளங்கையிலிருக்கும் ரத்தினமாம். எங்களிடம் உள்ளங்கை நெல்லிக்கனி இருக்கிறது என்றேன். அவருக்கு அது பிடித்துப்போய், தமிழில் ஒருமுறை சொல்லச் சொல்லிக் குறிப்பேட்டில் வங்காள எழுத்தில் எழுதிக்கொண்டார். அதில் 'ழ' ஏதும் இல்லாததால் தப்பித்தார்.

பக்கத்தில் ஜப்பானிய மொழிக்கு நிப்பான் பவன் இருக்கிறது. அங்கே போக நேரமில்லை. ரயிலுக்கு நாழியாகிவிட்டது. ஊழியர் வந்து உறையை மூடிக் குச்சியைச் செருகினார்.

மாணவர் அதுவரை சாஸ்திரியின் பெயரை ஆயாஷாமி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் திருத்தினேன். படியிறங்கும்போது "ஐ, யா, ஸ்வா, மி" என்று நான்கு சீன எழுத்துகளைப் படிப்பது போலப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். கீழ்ப்படிக்கு வருவதற்குள் சரியாக வந்துவிட்டது. எனக்குத்தான் அந்த 'பொபோன்' கடைசிவரை வரவில்லை.