எச்.ஐ.வி. விரைவுப் பரிசோதனை முடிவை எவ்வளவு நம்பலாம்?

1986இல் சென்னையில் சேகரித்த இரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றை எங்கள் வேலூர் சி.எம்.சி. ஆய்வகம் கண்டறிந்தபோதும், வேறொரு முறையில் மீண்டும் சோதித்துத்தான் அது உறுதிசெய்யப்பட்டது. இன்றும் அந்தக் கவனம் வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனி இரத்தத்தைக் கொண்டு செய்யப்படும் விரைவுப் பரிசோதனை முதற்கட்டச் சல்லடை மட்டுமே. அதில் தொற்று இருப்பதாகத் தெரிந்தால், அரசு நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) வெவ்வேறு வகையான மூன்று சோதனைகளுக்குப் பிறகே முடிவை உறுதிசெய்ய வேண்டும் என்பது தேசிய நெறிமுறை.

எனக்குக் கூடுதல் கவலை தருவது ‘தொற்று இல்லை’ என்னும் முடிவுதான். தொற்றிய முதல் சில வாரங்களில் இரத்தத்தில் இந்தச் சோதனை தேடும் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) போதிய அளவு உருவாகியிராது என்பதால், அண்மையில் தொற்று வாய்ப்புக்கு உள்ளான ஒருவரிடம் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்லாமல் அனுப்புவது சரியன்று. ஐயம் இருப்பவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.