ஒன்பது கஜமும் இரண்டு தொப்பியும்

ஜூலை 9

மஞ்சள் காமாலை. ரத்தத்தில் பிலிருபின் 9.2. அது 1.2-க்குள் இருக்க வேண்டுமாம். அறையில் இருந்த கண்ணாடியை அம்மா எடுத்துப் போய்விட்டார்.

ஜூலை 10

எழுந்து நடக்கவே கூடாது. தம்பி தன் பழைய மடிக்கணினியைத் தலையணைமேல் வைத்து, "கடை இல்லாமல் உனக்கு இருப்புக் கொள்ளாது அக்கா, இதோ ஒரு கடை" என்று ரெசெட்டியர் விளையாட்டைத் திறந்து கொடுத்தான். ஜப்பானில் 2007-இல் ஒரு சிறு குழு செய்தது, ஆங்கிலத்தில் 2010-இல் வந்தது என்றான். ரெசெட் என்று ஒரு சின்னப் பெண். சாகசம் தேடிப் போன அப்பா திரும்பவில்லை. அவர் விட்டுப்போன கடன் 8,20,000 பிக்ஸ். வசூலிக்க வந்த டியர் என்ற குட்டித் தேவதையே வீட்டைக் கடையாக்கி, கூடவே நின்று தொழில் சொல்லித் தருகிறாள். வாரத் தவணைகள் 10,000, 30,000, 80,000, 2,00,000, 5,00,000. கூட்டிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

ஜூலை 11

இன்று வெள்ளி. ஒன்பது கஜம்.

ஜூலை 13

கஞ்சி, மோர், மறுபடியும் கஞ்சி. வாய் முழுக்கக் கசப்பு. மருந்து ஓய்வுதான் என்று மருத்துவர் சொல்லியும் அம்மா கீழாநெல்லியை விடவில்லை.

காலையிலிருந்து விளையாட்டுக் கடையில் இருக்கிறேன். ஆள் வந்து இன்னது வேண்டும் என்று சொல்வார். அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டி விலை சொல்ல வேண்டும். அதிகம் என்றால் குறைத்துக் கேட்கலாம். அதற்கும் மனம் ஒப்பவில்லையென்றால் கிளம்பிவிடுவார். முதலில் எல்லோரிடமும் சந்தை விலையோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கேட்டேன். அலூவெட் என்ற பணக்காரப் பெண் முகம் சுளிக்காமல் கொடுத்தாள். ஒரு சிறுமியால் முடியவில்லை. அவள் வெறுங்கையோடு வாசலைத் தாண்டியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடுத்த முறை சந்தை விலைக்குமேல் கொஞ்சம்தான் வைத்தேன். உடனே எடுத்துக்கொண்டாள். சொன்ன முதல் விலைக்கே இப்படி அடுத்தடுத்து ஆட்கள் ஒப்புக்கொண்டால் அனுபவப் புள்ளி பெருகுகிறது. மனம் நிறைந்து போனவர் அடுத்த தடவை கூடுதல் பணத்தோடு வருகிறார். இதைக் கணக்கெழுதி வைத்தவர் யாரோ உண்மையிலேயே கடையில் நின்றவராக இருக்க வேண்டும்.

நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை மாடியில் விலை என் கையில் இல்லை, அது சீட்டில் அச்சடித்தே வருகிறது. எந்தச் சேலையை முதலில் விரிப்பது என்பது மட்டும்தான் என் கையில். முதல் மூன்றுக்குள் ஒன்று அவர் மடிமேல் தங்கிவிட வேண்டும். நான்காவதை விரிக்கும்போது அவர் கண் படிக்கட்டுப் பக்கம் போய்விடும். எட்டு வருடமாகப் பார்க்கிறேன்.

ஜூலை 15

30,000 கட்டியாகிவிட்டது. எனக்கு 7.8.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. மேற்பார்வையாளர் மூன்று முறை அழைத்தார். தள்ளுபடி நேரத்தில் ஒரு ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? சம்பளம் இல்லாத விடுப்புதானே, இன்னும் என்ன வேண்டும் இவர்களுக்கு? அழைப்பை எடுக்கவில்லை. அழுதேன். அழுதால் கண்ணீரும் மஞ்சளாக வருமோ என்று விரலில் தொட்டுப் பார்த்தேன்.

ஜூலை 18

வெள்ளி. அவர் வந்திருப்பார்.

தூக்கம் வராததால் இதை எழுதிவிடுகிறேன். எழுபதைத் தாண்டியவர். சுங்குடி, ஒன்பது கஜம், அரக்கு நிறம். அச்சுப் புள்ளி வேண்டாம், முடிச்சுக் கட்டிச் சாயம் போட்டதுதான் வேண்டும், தடவினால் புள்ளி விரலில் தட்ட வேண்டும் என்றார். கரை எவ்வளவு என்று கேட்டதற்குத் தன் கட்டைவிரலை மேசைமேல் குறுக்காக வைத்துக் காட்டினார். "இதற்குமேல் வேண்டாம் அம்மா, கனக்கும்." நகத்தில் மருதாணி பாதி இறங்கியிருந்தது. எங்களிடம் இருப்பதெல்லாம் ஆறு கஜம்தான். மற்றவர்களென்றால் இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் வெள்ளிக்கிழமை வாருங்கள், வரவழைத்து வைக்கிறேன் என்றேன். கைபேசி எண் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை?

மறுநாள் காலை எனக்கு எழுந்திருக்க முடியவில்லை.

ஜூலை 19

விளையாட்டுக் கடையில் ஒரு பெண்மணி மூன்று நாளில் இரண்டு தொப்பி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சரி என்றுவிட்டேன்.

ஜூலை 20

என்னிடம் ஒரு தொப்பிதான் இருந்தது. சரக்கு வாங்கும் வணிகர் சங்கத்திலும் இல்லை, சந்தையிலும் இல்லை. லூயி என்ற சாகசக்காரனைக் கூட்டிக்கொண்டு சரக்குத் தேடிக் குகைக்குப் போனேன். ஒரு நாளுக்கு நான்கு பொழுது, குகை இரண்டைத் தின்றுவிடும், அந்த நேரம் கடை பூட்டியே கிடக்கும். அங்கே ஒரு பெட்டியில் தொப்பி கிடைத்தது. அடுத்த அறையிலேயே லூயி அடிபட்டு விழுந்துவிட்டான். விழுந்துவிட்டால் மூட்டையில் இருப்பதில் ஒன்றை மட்டும்தான் கொண்டுவர விடுவார்கள். பளபளவென்று ஒரு வளையமும் இருந்தது, தொப்பியைப் போல எத்தனையோ மடங்கு விலை. தம்பி, "வளையத்தை எடு, வளையத்தை எடு" என்று கத்தினான்.

தொப்பியை எடுத்தேன்.

அந்த அம்மா சொன்ன நாளில் வந்தார். இரண்டையும் கொடுத்தேன். சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டார்.

ஜூலை 21

80,000 சேரவில்லை. வீடு போய்விட்டது. ரெசெட் தெருவோரத்தில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஜூலை 23

4.1. சாம்பார் வாசம் இன்று குமட்டவில்லை.

அட்டைப்பெட்டியோடு முடியவில்லை. விளையாட்டு இரண்டாம் நாளுக்குத் திரும்பிப் போகிறது. பணம்தான் போயிற்று. சேர்த்த சரக்கு இருக்கிறது, கற்ற தொழிலும் இருக்கிறது. முதல் வேலையாக லூயிக்கு நல்ல வாள் ஒன்றை அவனுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்றேன். குகைக்குப் போனால் அவன் கையில் அதே வாள்! நாம் விற்ற பொருளை உடம்பில் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். கோயிலில், பஸ்ஸில் என் கையால் மடித்துக் கொடுத்த சேலையைப் பார்த்தால் எனக்கு ஏற்படும் அதே குறுகுறுப்பு.

ஜூலை 25

வெள்ளி. பக்கத்துப் பிரிவு அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஆடி வெள்ளி, தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருந்திருக்காது. பத்து முறை கூப்பிட்டேன்.

ஜூலை 26

அக்கா பேசினார். ஒரு வயதான அம்மா மூன்று வெள்ளியாக வருகிறாராம். சேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "அந்தப் பெண்ணுக்குக் கண் எப்படி இருக்கிறது?" என்றுதான் கேட்கிறாராம்.

ஆமாம். அன்று விரலைக் காட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண் மஞ்சளாக இருக்கிறதே அம்மா, யாரிடமாவது காட்டு" என்றார். விளக்கு வெளிச்சம் பாட்டி என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குச் சேலை விரிக்கப் போய்விட்டேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

இந்த முறை அக்கா எண் வாங்கி வைத்திருக்கிறார்.

ஜூலை 28

80,000 கட்டியாகிவிட்டது. கடையை இரண்டு நாள் திறக்கவில்லை. மனம் அங்கே இல்லை.

ஜூலை 30

2.3. இன்னும் ஒரு வாரம்.

சின்னாளப்பட்டியில் விசாரித்தாகிவிட்டது. அரக்கு ஒன்பது கஜம் ஒன்றே ஒன்று இருக்கிறதாம், முடிச்சுப் புள்ளிதானாம். கரை இரண்டு விரல். அதையே அனுப்பிவிடவா என்று அக்கா கேட்கிறார், வயதானவர் இவ்வளவு பார்ப்பாரா என்கிறார்.

வேண்டாம் என்றேன். கட்டைவிரலைக் குறுக்காக வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இன்னொரு இடத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 31

நாளை வெள்ளி. அக்காவிடமிருந்து இன்னும் பதில் இல்லை.