உங்களுக்கு எதுக்கு மார்க்கெட்?

"ஐயா, உங்களுக்கு எதுக்கு மார்க்கெட்? நீங்க என்ன விக்கவா போறீங்க? பொறுமையா வாங்குங்க." 2025 மார்ச்சில், நான் வேலை பார்க்கிற பழைய காசுக் கடையில் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இதைச் சொன்னது நான்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். ஆனால் இந்த ஜனவரி முதல் சனிக்கிழமைக்குப் பிறகு அந்த வார்த்தை என்னை விடமாட்டேன் என்கிறது.

அந்த ஐயா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வந்ததும் மாதத்தின் முதல் சனிக்கிழமை வருவார். ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயை வருடவாரியாகச் சேர்க்கிறார், 1911 மட்டும் பாக்கி. அரசர் அங்கியில் இருக்கிற யானையின் தும்பிக்கை கட்டையாக விழுந்து, பார்க்கப் பன்றி போல இருக்கிறது என்று முஸ்லிம்களிடம் எதிர்ப்பு கிளம்பி, அரசாங்கம் திரும்பப் பெற்றுக்கொண்ட ரூபாய் அது. 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். எங்களிடம் இருந்தது கொஞ்சம் தேய்ந்த காசு, பின்பக்கம் பூவுக்குக் கீழே பம்பாயில் அடித்த காசு என்று காட்டும் புள்ளி உள்ளது. மார்ச்சில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்பவே வாங்கிடலாமா தம்பி, இல்ல பொறுக்கலாமா? எல்லாரும் ஏறும் ஏறும்கிறாங்களே" என்று கேட்டார். அதற்குத்தான் அந்தப் பதில்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. வாரத்துக்கு நாலு பேராவது 2012-இல் வந்த வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசைத் துணியில் முடிந்துகொண்டு வந்து, லட்சக்கணக்கில் போகுமாமே என்று கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கியே 2021-இல் தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டு வாங்குகிறோம் என்று ஏமாற்றுகிறவர்களைப் பற்றி எச்சரித்தது. அதற்கப்புறமும் வருகிறார்கள். அவர்கள் முகம் வாடுவதைப் பார்த்துப் பார்த்து, விலைப் பேச்சு என்றாலே கிளப்பி விடுவது என்று எனக்குள் ஊறிப்போய்விட்டது. கடையில் எங்களுக்குச் சொல்லியிருப்பதும் 'ஏறப் போகுது, விட்டா கிடைக்காது' என்று பேசச் சொல்லித்தான். நான் அப்படிப் பேசுவதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் அன்றைக்கு வாயைத் திறந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் அவர் கேட்டது வைஷ்ணவ தேவிக் காசைப் பற்றி இல்லை. அந்த ரூபாய் 11.66 கிராம். அதில் சுத்த வெள்ளி மட்டும் 10.69 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் போயிருக்கும், அவ்வளவுதான். வெள்ளி ஏறினால், காசை உருக்கினால் கிடைக்கிற வெள்ளியின் விலை என்று அடியில் ஒரு தரை இருக்கிறதே, அது ஏறும், அதோடு சேர்த்து மேலே உள்ளதும் ஏறும். இதை யாரும் கிளப்பிவிட வேண்டியதில்லை. மார்ச்சில் கிலோ ஒரு லட்சத்தை ஒட்டி இருந்த வெள்ளி டிசம்பரில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. பாட்டி பெட்டியில் இருந்த ரூபாய்களைக் கொண்டுவந்து தராசில் கொட்டினார்கள், சாதாரண வருடத்துக் காசெல்லாம் நேராக உருக்கப் போனது. விற்கிறவருக்கு விலை லாபமாவது தரும். வாங்கி வைத்துப் பார்க்க மட்டும் ஆசைப்படுகிறவருக்குத்தான் அது கதவை மூடுகிறது. நான் அவரிடம் சொன்னது அப்படியே தலைகீழ்.

சரி, வாங்குங்கள் என்று சொல்லி வெள்ளி இறங்கியிருந்தால்? 2011-இல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏப்ரல் கடைசியில் உச்சிக்குப் போன வெள்ளி மே முதல் வாரத்திலேயே சரிந்தது. உச்சியில் வாங்கியவர்கள் திரும்பி வந்து நின்றதை மறக்க முடியவில்லை. மார்ச்சில் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அதைத்தான் நான் சொல்லவில்லை.

ஜனவரியில் வந்தார். புது விலையைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. காசை அது இருந்த பிளாஸ்டிக் உறையோடு எடுத்து, சட்டைப்பையில் இருந்த லென்ஸை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். யானையைத்தான். காது தேய்ந்து மழுங்கியிருந்தது, ஆனால் அந்தக் கட்டைத் தும்பிக்கை தெரிந்தது. அப்புறம் ஓசைப்படாமல் தட்டில் வைத்தார். "பரவாயில்ல தம்பி. நீங்க சொன்னது சரிதான், நான் விக்கவா போறேன்." பேரனுக்கென்று ஒரு காண்டாமிருகம் போட்ட இருபத்தைந்து காசு எடுத்துக்கொண்டு போனார்.

அது எனக்கு ஆறுதல் சொன்னதா, அவருக்கே சொல்லிக்கொண்டதா, தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசிக்கிறேன். மனக்குறை இருந்தால் அடுத்த மாதம் வரமாட்டார் என்று நினைப்பேன். வந்தாலும், குறை இல்லை என்று எப்படிச் சொல்வது?

அன்றைக்கு முதலாளியிடம் பழைய விலைக்குக் கேட்டுப் பார்த்திருக்கலாம். விலை வைப்பது என் கையில் இல்லை, அது உண்மை. ஆனால் கேட்பது என் கையில் இருந்தது. காசு இன்னும் இரண்டாவது தட்டில்தான் இருக்கிறது. அவர் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் முதல் கட்டம் காலி, 1912-இலிருந்துதான் தொடங்குகிறது. பிப்ரவரி முதல் சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள். முதலாளியிடம் நான் இன்னும் பேசவில்லை.