16 அங்குலத்துக்கு ஒரு சட்டம்

கும்பகோணத்திலிருந்து கனடாவுக்கு வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா, இரவில் தண்ணீர் குடிக்கக்கூட அறையை விட்டு வெளியே வருவதில்லை என்பது, அவர் ஊர் திரும்பும் சமயத்தில்தான் எனக்குத் தெரிந்தது. காரணம் கேட்டேன். "கால் வைக்கிற இடமெல்லாம் கத்துதேப்பா, குழந்தை முழிச்சுக்காதா?" என்றார். தரை அதிர நடக்கக்கூடாது என்று எங்களை வளர்த்தவர், மகன் வீட்டில் நடப்பதற்கே கூசியிருக்கிறார் என்பது என்னைச் சுட்டது.

நம் பக்கத்து வீடுகளில் தரை சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மண்ணைக் கெட்டித்து, ஜல்லி போட்டு, காவி கலந்த சிமெண்டை இழைத்துவிட்ட கூடத்தில் எத்தனை பேர் நடந்தாலும் கொலுசுச் சத்தம்தான் கேட்கும். பழைய மாடி வீடுகளிலும், உத்தரத்தின் மேல் தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, செங்கல்லைக் குத்தாகச் சுண்ணாம்புக் காரையில் பதித்திருப்பார்கள். அந்தக் கனத்துக்கு அடியில் மரம் அசைவதற்கு இடமே இல்லை. இங்கே ஒன்டாரியோவில் எங்கள் வீட்டுத் தரைக்குக் கீழே இருப்பது வெற்றிடம். வரிசையாக மரச்சட்டங்கள், அவற்றின் மேல் ஆணி அடித்த பிளைவுட், அதன் மேல் நாம் மிதிக்கும் பலகை, அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தை ஜாய்ஸ்ட் என்கிறார்கள். வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையான பேஸ்மெண்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாம் தெரியும். ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரைக்கும் பெரும்பாலும் 16 அங்குலம் இருக்கும். சட்டத்தின் கனம் ஒன்றரை அங்குலம் என்பதால் இடைவெளியை மட்டும் அளந்தால் பதினான்கரைதான் வரும். பிளைவுட் பலகையின் நீளம் 8 அடி, அதாவது 96 அங்குலம். அதை ஆறு பங்காக்கினால் 16 வருவதால், ஒவ்வொரு பலகையின் விளிம்பும் ஏதாவதொரு சட்டத்தின் நடுவில் போய் உட்காரும். 12, 19.2, 24 அங்குல இடைவெளிகளும் உண்டு; எல்லாமே 96-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள். இந்த ஊர் அளவு டேப்புகள் பலவற்றில் 16-இன் மடங்குகளைத் தனி நிறத்தில் குறித்திருப்பதைப் பார்த்தபோது, இப்படி யோசித்துக் கட்டியவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது. சட்டங்கள் தள்ளித்தள்ளி இருந்து மேல்பலகையும் மெல்லிசாக இருந்துவிட்டால், மிதிக்கும்போது நடுவில் தணியும். அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

சத்தத்துக்குக் காரணம் ஈரப்பதம் ஏறி இறங்குவதுதான். ஐப்பசி அடைமழையில் நம் வீட்டுக் கொல்லைக் கதவு ஊதிப்போய்ச் சாத்த வராது. தை பிறந்து வெயில் ஏறினால் தானாகச் சரியாகிவிடும். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காற்று வறண்டு போகிறது, மரம் சுருங்குகிறது, பிளைவுட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சிறு சந்து விழுகிறது. மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பலகை அந்த ஆணியின் மேல் ஏறி இறங்கி உரசும் சத்தம்தான் அம்மாவைக் கட்டிப்போட்டது.

எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன், "பலகை இடுக்கில பவுடர் போட்டுப் பாருங்கோ" என்றார். பலகையோடு பலகை உரசும் இடத்தில் அது சில காலம் பலன் தரும். மற்ற இடங்களுக்குக் கீழேயிருந்து செய்யும் வேலைதான் நிலைக்கும். மனைவி மேலே நடந்து காட்ட, நான் கீழே டார்ச் அடித்துச் சந்து விழுந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். மெல்லிய மர ஆப்பில் தச்சுப் பசை தடவி, கையால் இறுகும் வரை செருகினால் போதும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் பலகை தூக்கிக்கொண்டு பக்கத்தில் புதிதாக ஒரு சத்தம் பிறக்கும். சந்து நீளமாக இருந்த இடத்தில், சட்டத்தை ஒட்டி இன்னொரு கட்டையைப் பிளைவுட்டோடு சேர்த்துப் பசை போட்டு ஸ்க்ரூவால் முடுக்கினேன். ஆணி நாளடைவில் கழன்று கொடுக்கும், ஸ்க்ரூவின் மரை பிடித்தால் விடாது.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு இந்த வீட்டின் ஒவ்வொரு சட்டத்தையும் என்னால் காட்ட முடியும். வீடு எனக்குப் பழகிவிட்டது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் நினைப்பு ஊர்க் கூடத்து ஊஞ்சலுக்குப் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் கிறீச்சிட்ட பொருள் அது ஒன்றுதான். தாத்தா முக்காலியில் ஏறி, கொக்கி வளையத்தில் விளக்கெண்ணெய் விடுவார். கீழே சிந்திய சொட்டைப் பாட்டி காவித் தரையிலிருந்து பழந்துணியால் துடைப்பார். சித்திரை மதியத்தில் அந்தத் தரையில் பாயில்லாமல் படுத்தால் முதுகில் ஏறும் குளிர்ச்சியை எந்த மரத்தரையும் தரப் போவதில்லை.

மாடியில் அம்மா தங்கிய அறை மட்டும் பாக்கி இருக்கிறது. அதற்குக் கீழே சீலிங் மூடியிருப்பதால் மேலிருந்துதான் செய்தாக வேண்டும். கார்ப்பெட்டைக் கிழிக்காமல் அதன் வழியாகவே சட்டத்தில் இறக்கி, தலையை ஒடித்து எடுத்துவிடும் ஸ்க்ரூ கிடைக்கிறது; வாங்கி வைத்திருக்கிறேன். கோடையில் மரம் ஊறிச் சந்து மூடிக்கொண்டால் சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. ஆகவே குளிர் விடுவதற்குள் இதை முடித்தாக வேண்டும்.