ஏறும்போது காலி, இறங்கும்போது லோடு: பிக்கப்புக்கு ஷாக் மாற்றிய அனுபவம்

மன்னவனூர் பக்கம் கேரட் ஏற்றி, பழனி மலைப்பாதை வழியாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவதுதான் என் பொலிரோ பிக்கப்பின் வேலை. மழைக்காலம் முடிந்ததிலிருந்து பின்பக்கம் ஆட்டம் அடங்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் லோடோடு திரும்பினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர நேரமெடுத்தது. ஓடும்போது பின் டயர் ஊளையிட்டது, தடவிப் பார்த்தால் ரப்பர் ஓரிடம் மேடு, ஓரிடம் பள்ளம்.

ஸ்டாண்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்பிரிங்கான கமான் பட்டை தளர்ந்துவிட்டது, கூட ஒரு பட்டை போடு. மெக்கானிக் அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. சமதரையில் வண்டி இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றது, பட்டையில் விரிசல் இல்லை, பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டும் இறுக்கமாக இருந்தது. ஆனால் வலது ஷாக் அப்சார்பரின் (ஷாக்) கீழ்ப்பாதி முழுக்க எண்ணெயும் மண்ணும் அப்பியிருந்தது. லேசான ஈரம் என்றால் விட்டுவிடலாம், இது வழிந்திருந்தது.

“வண்டிய அமுக்கி விட்டு, எத்தன தடவ ஆடுதுன்னு பாத்தா தெரியாதாண்ணே?” என்று கேட்டேன். “அது காருக்கு, தம்பி. இதுல பட்டை ஒண்ணோட ஒண்ணு உரசியே ஆட்டத்த நிறுத்திரும்” என்றார். கீழ் போல்ட்டைக் கழற்றி ஷாக்கைக் கையால் இழுத்துக் காட்டினார். முரண்டு பிடிக்க வேண்டியது, நடுவில் ஓரிடத்தில் சும்மா வழுக்கிக்கொண்டு வந்தது.

திண்டுக்கல்லில் ஒரு கடையில் “ஹெவி டியூட்டி போடுங்க, எவ்வளவு லோடும் தாங்கும்” என்றார்கள். எனக்கு இது ஒட்டவில்லை. லோடைத் தாங்குவது பட்டை. பட்டையின் துள்ளலை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. அதிலும் நான் மலையேறுவது காலி வண்டியில். அதற்கு முரட்டு ஷாக் போட்டால் பள்ளத்தில் டயர் ரோட்டை விட்டு எகிறும், இடுப்பும் போகும். அதிக லோடு ஏற்றுகிறவர் பட்டையைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் ஆர்சி புத்தகத்தில் உள்ள எடைக்குள்.

அப்புறம் ஆயிலா, கேஸா என்ற கேள்வி. மேடுபள்ளத்தில் விடாமல் வேலை செய்தால் உள்ளே ஆயில் சூடாகி நுரைக்கும், நுரைத்தால் பிடிப்பு குறையும். கேஸ் ஷாக்கில் அடைத்திருக்கும் நைட்ரஜன் அழுத்தம் அந்த நுரையை அடக்குகிறது. மலை ரூட்டுக்கு அதுதான் சரி என்று பட்டது. கேப்ரியல், மன்ரோ இரண்டு பிராண்டும் கைக்குக் கிடைத்தன. கம்பெனி கொடுத்த அதே அளவில் கேஸ் ஷாக் இருந்ததால் கேப்ரியலை எடுத்தேன்.

பொலிரோ பிக்கப்பிலேயே 1.3 டன், 1.7 டன் என்று மாடல்கள் இருப்பதால் கடைக்காரர் சேசிஸ் நம்பரைக் கேட்டார். அதோடு விடாமல், பழையதைப் பக்கத்தில் வைத்து முழுக்க இழுத்த நீளம், முழுக்க அமுக்கிய நீளம், இரண்டு முனைக் கண்ணின் அளவு என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டேன். அமுக்கிய நீளம் கூடுதலாக இருந்தால் பெரிய பள்ளத்தில் ஷாக்கே முட்டி உடையும். இடதுபக்கம் நன்றாக இருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்றினோம். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வளைவில் வண்டி ஒரே மாதிரி நிற்காது.

அமுக்கிக் கட்டியிருந்த நாடாவை அறுத்ததும் புது ஷாக் தானாக மெல்ல நீண்டது. அதை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை அமுக்கி இழுத்துவிட்டுத்தான் மெக்கானிக் அண்ணன் மாட்டினார். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, சக்கரம் தரையில் நின்ற பிறகே போல்ட்டைக் கடைசியாக முறுக்கினார். தூக்கிய நிலையில் முறுக்கினால் முனைக் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் முறுகி நின்று சீக்கிரம் கிழியுமாம்.

இப்போது லோடோடு வளைவில் வண்டி உடனே நிமிர்கிறது. டயரின் ஊளைச் சத்தம் மட்டும் போகவில்லை. மேடுபள்ளமாகத் தேய்ந்த ரப்பருக்கு ஷாக் என்ன செய்யும்? புது டயர் போட்டால்தான் போகும்.